திருமணிமுத்தாற்றில் படகு விட முடியுமா? சேலம் ஆற்றுச் சுற்றுலா பற்றிப் பேசலாம் வாங்க

கன்னங்குறிச்சி_நடையன் · ஞாயிறு, இரவு 9:10

இன்று காலையில் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு கோட்டை மாரியம்மன் கோவிலுக்குப் போயிருந்தேன். ஏழு வயசு. சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் தொற்றி ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தச் சாக்கடைக்குப் பேர் என்ன?" என்று கேட்டான். திருமணிமுத்தாறு என்றேன். "ஆறுன்னா மீன் இருக்குமே, எங்க?" என்றான். கீழே கறுப்புத் தண்ணீர், அதற்கு மேல் சோப்பு நுரை மாதிரி ஏதோ ஒதுங்கி நிற்கிறது, ஒரு கிழிந்த தலையணை சிக்கிக் கிடக்கிறது. எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே நினைப்புதான். அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றின் இரண்டு கரையிலும் 11 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை போட்டு, படகு விட்டு, ஊரே மாலையில் அங்கே வந்து உட்காருகிறது. நம் ஆறு சுகவனேஸ்வரர் கோவில், கோட்டை மாரியம்மன், ஜாமியா மசூதி என்று ஊரின் நடு நெஞ்சு வழியாகப் போகிறது. இரண்டு இடத்தில் தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, பெடல் படகு விட்டு, கரையில் விளக்குப் போட்டால் ஏற்காடு போகிற கூட்டத்தில் பாதி இங்கே ஒரு மாலை தங்காதா? வியாபாரம் நடக்கும், ஆற்றின் மேல் ஒரு கண் இருக்கும், குப்பை கொட்டக் கூச்சப்படுவார்கள். என்ன தடை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பாசனக்காரர் · ஞாயிறு, இரவு 10:02

தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. நான் பாசனத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமணிமுத்தாறு வற்றாத ஆறு கிடையாது. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து, சேலத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. மழை பெய்தால் ஓடும், நின்றால் சில நாளில் வடியும், அதுதான் அதன் இயல்பு. ஏப்ரல், மே மாதத்தில் ஊருக்குள் நீங்கள் பார்ப்பது முழுக்க நம் வீட்டுக் கழிவு, பட்டறைக் கழிவு. அதைத் தடுப்பணை போட்டு நிறுத்தினால் ஏரி ஆகாது, மூடி இல்லாத செப்டிக் டேங்க்தான் ஆகும். ஓடுகிற வரைக்கும் கொஞ்சமாவது காற்றுப் படுகிறது, நின்றுவிட்டால் அழுகிக் கொசுவும் நாற்றமும் நாலு தெருவுக்குப் பரவும். அதில் எந்தப் பிள்ளையைப் படகில் உட்கார வைப்பீர்கள்?

சபர்மதியைச் சொன்னீர்கள். அங்கே தெரிகிற தண்ணீர் சபர்மதியின் சொந்தத் தண்ணீர் இல்லை. நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்து விட்டு, வாஸ்னா தடுப்பணையில் தேக்கி வைத்திருக்கிறார்கள். அணைக்குக் கீழே போய்ப் பார்த்தால் நாட்டின் மோசமான ஆற்றுப் பகுதிகளில் ஒன்று. தென்கொரியத் தலைநகர் சியோலில் சொங்கெய்சொன் என்ற ஓடையை, மேலே இருந்த மேம்பாலத்தையே இடித்துவிட்டு 2005-ல் 5.8 கிலோமீட்டருக்குத் திறந்தார்கள். அருமையான வேலை, ஆனால் அதற்கும் தினம் ஒரு லட்சத்து இருபதாயிரம் டன் தண்ணீரை, பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து, மோட்டார் வைத்து ஏற்றித்தான் ஓட விடுகிறார்கள். நமக்கு எங்கிருந்து ஏற்றுவது? மேட்டூர்த் தண்ணீரைக் குடிக்கவே கணக்குப் பார்க்கிற ஊர் நாம்.

இன்னொரு கணக்கு. ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் என்றால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி. (தண்ணீரில் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், கழிவு கூடினால் இதுவும் கூடும்), லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே விடும் தண்ணீருக்கு வைத்திருக்கும் வரம்புகளே 10, 20, 30 என்றுதான் இருக்கின்றன. எல்லா நிலையமும் ஒழுங்காக ஓடினாலும் மழைத் தண்ணீர் கலக்காமல் அது குளிக்கிற தண்ணீர் ஆகாது.

கொலுசுப்பட்டறை_சிவதாபுரம் · ஞாயிறு, இரவு 10:20

சார் சொல்வது சரி. ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது ஒரு சாக்காகப் போய்விடக் கூடாது. முப்பது வருஷமாக "தண்ணீர் சுத்தமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிராங்கூன்_சேலத்தான் · ஞாயிறு, இரவு 11:45

செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து, பதினாறு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் நம் ஆறு மாதிரிதான் நாறியது என்று என் பழைய முதலாளி சொல்வார், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலம் தாண்டுவார்களாம். 1977-ல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷத்தில் சுத்தம் செய்யணும் என்று கெடு வைத்தார், 1987-ல் முடித்தார்கள். நான் சொல்ல வந்தது அந்தப் பத்து வருஷம் எதில் போனது என்பதைத்தான். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளை அகற்றினார்கள், தெருவோர உணவுக் கடைகளுக்குக் குழாயும் கழிவு வசதியும் உள்ள கட்டடம் கட்டி அங்கே மாற்றினார்கள், கழிவுநீர் இணைப்பு இல்லாத வீடுகளுக்கு வேறு வீடு கொடுத்தார்கள், தொங்கான் என்கிற சரக்குப் படகுகளை 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்கு நகர்த்தினார்கள். அப்புறம்தான் அடியில் கிடந்த சேற்றை அள்ளினார்கள். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற கிளார்க் கீ விளக்குகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

நம் ஊரில் கரைக்குச் சுவர் கட்டுவதில் ஆரம்பிக்கிறோம். போன தடவை வந்தபோது பார்த்தேன், இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. சுவருக்கு நடுவே போகிற தண்ணீர் அதேதான்.

ஆற்றோரத்து_வீடு · திங்கள், காலை 6:15

நீங்கள் எல்லோரும் பேசுகிற கரையில்தான் என் வீடு. கல்யாணமாகி வந்து 22 வருஷம். ஜன்னலை மாலை ஐந்து மணிக்குச் சாத்தினால் காலையில்தான் திறப்பேன், கொசு அப்படி.

கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்ற பேச்சு வந்தாலே எங்கள் தெருவில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால் வீடு போகப் போகிறது என்று அர்த்தம். சென்னையில் கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்களே, அப்படி எங்களையும் ஊருக்கு வெளியே போட்டுவிட்டால் நான் வேலை பார்க்கிற நாலு வீட்டுக்கு எப்படி வருவேன்? பிள்ளை பள்ளிக்கூடம் என்ன ஆகும்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காட்டிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் ராத்திரியோடு ராத்திரியாக அரிசி மூட்டையை அலமாரி மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு எங்களுக்கு என்ன செய்யும் என்று தெரிந்தேதான் இருக்கிறோம், ஏனென்றால் வாடகைக்கு வேறு இடம் கட்டுப்படியாகாது.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் வந்தால் நானே இட்லிக் கடை போடுவேன். எங்களைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பெஞ்சு போடாதீர்கள், அவ்வளவுதான்.

கன்னங்குறிச்சி_நடையன் · திங்கள், காலை 7:40

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையாகவே மன்னித்துக்கொள்ளுங்கள். விளக்கு, நடைபாதை என்று எழுதும்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்ற நினைப்பு வரவில்லை.

அம்மாபேட்டை_தறி · திங்கள், மதியம் 1:30

நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் தறி, அப்பா காலத்தில் சின்னதாகச் சாயப்பட்டறையும் இருந்தது. இரவு மழை பிடித்தால் அப்பா எழுந்து போய்த் தொட்டியைத் திறந்து விடுவார், வெள்ளத்தோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. காலையில் ஓடை சிவப்பாகவோ நீலமாகவோ ஓடும். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கை, பள்ளிக்கூடம் போகும்போது இன்று என்ன கலர் என்று பந்தயம் கட்டுவோம். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்த ஆற்றங்கரையில்தான் கீழே தென்னை வைத்திருக்கிறார்கள், கிணறு வைத்திருக்கிறார்கள்.

திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்து, ஒரு சொட்டும் வெளியேற்றாமல் திரும்பப் பயன்படுத்துகிற முறைக்குப் போனார்கள், பெரும் செலவு, பல சின்னப் பட்டறைகள் தாங்கவில்லை. நாலு தொட்டி வைத்திருக்கிறவனால் தனியாக இதைச் செய்யவே முடியாது. பத்து இருபது பட்டறை சேர்ந்து ஒரே இடத்தில் செய்ய இடமும் கடனும் கொடுத்தால் செய்வார்கள். எங்கள் பட்டறையை மூடிவிட்டோம், இப்போது வெளியில் கொடுத்துத்தான் சாயம் போடுகிறோம்.

பூலாம்பட்டி_படித்துறை · திங்கள், இரவு 8:05

சேலத்தில் ஆற்றுச் சுற்றுலா இல்லை என்ற மாதிரியே பேசுகிறீர்கள். எங்கள் ஊருக்கு வந்ததில்லையா?

எடப்பாடி வழியாக வந்தால் பூலாம்பட்டி. மேட்டூர் அணையிலிருந்து வருகிற காவிரி, கதவணையில் தேங்கி ஏரி மாதிரி அகலமாக நிற்கும். இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவில் விசைப்படகு. என் தாய்மாமா படகில் வேலை பார்த்தவர். படகு சுற்றுலாவுக்காக வந்தது இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், சந்தைக்குப் போகிறவர்கள், டூவீலர் எல்லாம் ஏறும். படகு நின்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகணும். சினிமாக்காரர்கள் வந்தார்கள், சேலத்தின் குட்டிக் கேரளா என்று பேர் வந்தது, இப்போது ஞாயிற்றுக்கிழமை கைலாசநாதர் கோவில் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மீன் வறுக்கிற கடைகளால் நிறையப் பெண்களுக்கு வருமானம், இது உண்மை, மறுக்க முடியாது.

திங்கட்கிழமை காலையில் வந்து படித்துறையைப் பாருங்கள். இன்று காலையில் நானே பார்த்தது, கடைசிப் படி தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் பேப்பர் தட்டு ஊறிப்போய்க் கும்பலாக ஒட்டிக்கிடக்கிறது, அதற்கு அடியில் குவார்ட்டர் பாட்டில் உடைந்து கழுத்து மட்டும் மேலே நிற்கிறது. துணி துவைக்க இறங்கிய ஒரு பாட்டிக்கு உள்ளங்கால் கிழிந்தது. அவர் கோபப்படக்கூட இல்லை, முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு துவைக்க ஆரம்பித்துவிட்டார். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தடை. எங்கள் படித்துறைக்கு அந்தத் தடை இன்னும் வந்து சேரவில்லை.

படகில் எத்தனை பேர் என்பதும் அப்படித்தான். கூட்டம் தள்ளும்போது படகுக்காரரால் ஒருத்தராக நின்று தடுக்க முடியாது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ல் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்து போனார்கள், கேரளாவில் தானூரில் 2023 மே 7-ல் 22 பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். இரண்டையும் நினைத்தால் பண்டிகை நாளில் எனக்கு உடம்பு நடுங்கும். மேட்டூரில் உபரி நீர் திறந்தால் படகை நிறுத்துவார்கள், கதவணைப் பராமரிப்புக்குத் தண்ணீரை வடிய விட்டாலும் நிறுத்துவார்கள். அந்த நாட்களிலும் தெரியாமல் குடும்பம் குடும்பமாக வந்து ஏமாந்து, சேற்றில் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். சேலம் புதிய பஸ் நிலையத்தில், எடப்பாடியில் "இன்று படகு இல்லை" என்று ஒரு பலகை வைத்தால்கூடப் போதும், பெரிய செலவே இல்லை.

சேர்வராயன்_காப்பி · திங்கள், இரவு 9:30

ஏற்காட்டில் மூன்று அறை வைத்துத் தங்க விடுகிறோம், காப்பித் தோட்டமும் கொஞ்சம். பூலாம்பட்டி அண்ணன் சொல்வதை வரிக்கு வரி எங்கள் ஊருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நகரத்து ஆற்றைப் பற்றிப் பேசும்போது மலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் தண்ணீர் இங்கேதான் ஆரம்பிக்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலைத் தண்ணீர்தான். ஏற்காடு ஏரி நிரம்பி வழிவதுதான் கிளியூர் அருவியாக விழுகிறது, 300 அடி. மழை முடிந்து கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் பாறைதான். வருகிறவர்கள் மே மாதம் கோடை விழாவுக்கு வந்து, அருவியில் தண்ணீர் இல்லையே என்று எங்களிடம் வருத்தப்படுகிறார்கள். அதே மே மாதத்தில்தான் ஊர் முழுக்கத் தண்ணீர் லாரி ஓடுகிறது. என் அறைக்கு நானும் விலைக்கு வாங்குகிறேன். கழிவு எங்கே போகிறது என்று கேட்டால் பக்கத்து ஓடை என்று கை காட்டுகிற விடுதியும் இங்கே உண்டு, நான் நேரில் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வைத்தார்கள். எனக்குத் தொழிலே சுற்றுலா, இருந்தாலும் சொல்கிறேன், ஏற்காட்டுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வேண்டும். சனிக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் அடைத்துக்கொண்டு நின்று ஏறி, ஏரியைச் சுற்றி ஹாரன் கேட்டுவிட்டுத் திரும்புவதில் வருகிறவருக்கும் சந்தோஷமில்லை, எங்களுக்கும் இல்லை.

ஓமலூர்_சைக்கிள் · திங்கள், இரவு 9:48

அப்போ மூக்கனேரியில் படகு விடலாமே? தண்ணீர் நிற்கிறது, ஊரை ஒட்டி இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது.

கன்னங்குறிச்சி_நடையன் · திங்கள், இரவு 10:15

நான் தினம் நடக்கிற கரை அது, அதனால் இதற்கு நானே பதில் சொல்கிறேன். வேண்டாம் தம்பி.

2010-ல் சேலம் மக்கள் குழுவைச் சேர்ந்தவர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தூர் வாரி, அள்ளிய மண்ணை உள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். அந்தத் திட்டுகளில்தான் இப்போது கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. மாலை ஆறு மணிக்குக் கரையில் நின்றால் ஒரு கூட்டம் வந்து இறங்கும், கிளையில் இடம் பிடிக்கச் சண்டை போடும், பத்து நிமிஷம் சத்தம் காதை அடைக்கும், அப்புறம் சட்டென்று அடங்கும். வயசானவர்கள் நடையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மோட்டார் படகு ஒன்று வந்தால் ஒரே வாரத்தில் அது போய்விடும். இங்கே இருக்கிற சுற்றுலாவே அந்தப் பத்து நிமிஷம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னை அடையாற்றில் தொல்காப்பியப் பூங்காவை 2011-ல் திறந்தபோதே, பதிவு செய்தவர்களைக் குழுவாக நடத்திக் காட்டுவது என்று வைத்தார்கள், 58 ஏக்கர் இருந்தும். இடம் தாங்குகிற அளவுக்குத்தான் ஆள்.

இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது, நேற்று நானே படகு விடணும் என்று இழையை ஆரம்பித்தேன்.

பழைய_பாசனக்காரர் · செவ்வாய், காலை 5:50

படகை விட்டுவிடுங்கள், நடையைப் பிடியுங்கள். நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

இந்த ஆற்றங்கரையில் ஒரு வரிசைக் கோவில்கள் உண்டு. ஊருக்குள் சுகவனேஸ்வரர், கோயம்புத்தூர் சாலையில் உத்தமசோழபுரம் கரபுரநாதர், பிறகு பில்லூர், மாவுரெட்டிப்பட்டி, கடைசியில் காவிரியில் சேருமிடத்தில் நஞ்சை இடையாறு. ஐந்தையும் ஒரே நாளில் தரிசிக்கிற வழக்கம் உள்ளவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கரபுரநாதர் கோவிலில் ஔவையார், பாரி மகளிர் அங்கவை சங்கவைக்குக் கல்யாணம் செய்து வைத்ததாக ஐதீகம். பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி இந்த வரிசையில் கூட்டிப்போனால் தமிழும் தெரியும், ஆறு எந்த இடத்தில் என்ன ஆகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். மலை அடிவாரத்தில் தெளிவாக இருக்கும் ஓடை, ஊரைத் தாண்டியதும் எப்படி ஆகிறது என்று ஒரு பிள்ளை ஒரே நாளில் பார்க்கட்டும். மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்து வரிசையாக வைத்தால் போதும், வாத்தியார் பேச வேண்டியதே இல்லை.

2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்று பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் 6. அதில் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி மூன்றும் நம் மாவட்டத்தில் ஓடுபவை. மேட்டூரிலிருந்து கீழே போகிற காவிரியும் அந்தப் பட்டியலில் உண்டு. பூலாம்பட்டியார் அதையும் மனதில் வைக்கணும், தண்ணீர் தெளிவாகத் தெரிவதால் சுத்தம் என்று ஆகிவிடாது.

சிராங்கூன்_சேலத்தான் · செவ்வாய், காலை 8:20

சார், நல்ல யோசனை. ஆனால் கறுப்பு ஆற்றைக் காட்டுவதற்குச் சுற்றுலா என்று பேர் வைத்தால் யார் வருவார்கள்? வெளியூர்க்காரர் காசு கொடுத்து வரமாட்டார்.

பழைய_பாசனக்காரர் · செவ்வாய், காலை 8:55

வெளியூர்க்காரர் வரவேண்டாம் ஐயா, இப்போதைக்கு. உள்ளூர்க்காரன் முதலில் வரட்டும். தன் வீட்டுக் குழாய் எந்த ஓடையில் போய் விழுகிறது என்று தெரிந்தவன் பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்டத் தயங்க மாட்டான்.

பூலாம்பட்டி_படித்துறை · செவ்வாய், மதியம் 2:10

சார் சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் நான் மாமாவிடம் பேசினேன். மீன் கடைக்காரம்மாக்கள் ஆறு பேர் தையல் இலை, வாழை இலைக்கு மாறத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள், விலை கொஞ்சம் கூடும், வாங்குகிறவர்கள் முணுமுணுக்காமல் கொடுக்கணும். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற மாட்டேன் என்று நீங்கள் கேட்டால்தான் படகுக்காரருக்கும் கூட்டத்திடம் சொல்லத் தைரியம் வரும். வாருங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் வாருங்கள்.

கன்னங்குறிச்சி_நடையன் · செவ்வாய், இரவு 9:00

வருகிற ஞாயிறு காலை நடக்கலாம் என்று இருக்கிறேன். மூக்கனேரிக் கரையில் ஆரம்பித்து, பஸ் பிடித்துக் கோட்டை மாரியம்மன் பாலம், அங்கிருந்து கரையோரமாக எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு, கடைசியில் பஸ்ஸில் உத்தமசோழபுரம். அக்கா பையனும் வருகிறான். மூன்று பாட்டில் கொண்டுவருகிறேன். தறி அண்ணா, உங்கள் பழைய ஓடை எங்கே ஆற்றில் சேர்கிறது என்று நீங்கள் வந்து காட்டினால் நன்றாக இருக்கும்.

அம்மாபேட்டை_தறி · செவ்வாய், இரவு 9:12

வருகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

ஆற்றோரத்து_வீடு · செவ்வாய், இரவு 9:40

கரைக்கு ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் வாடை தாங்காது. எங்கள் தெருவில் டேப்போடு யாரும் வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். எத்தனை பேர் என்று சனிக்கிழமை சொன்னால் இட்லி மாவு கூடப் போட்டு வைப்பேன். தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.